சாப்பாட்டு நோட்டில் ஞாயிற்றுக்கிழமை

பிலோமியின் சாப்பாட்டு நோட்டில் வாரத்துக்கு ஆறு நாள்தான். காலை என்ன, மதியம் என்ன, சாயங்காலம் டீயோடு என்ன, ராத்திரி என்ன என்று திங்களிலிருந்து சனி வரைக்கும் கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்தில் எல்லாம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கென்று போட்ட கட்டம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். மறந்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிலோமிக்கு மறதி கிடையாது. இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பாள்.

நோட்டு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ராயபுரத்தில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில், ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் அவள் தனியாக இருக்கிறாள். வயது ஐம்பத்தொன்பது. துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்டிய கணவர் அருள்பிரகாசம் மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் ஃப்ரெடிக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. குடும்பத்தோடு மீஞ்சூரில் இருக்கிறான். ஜானட்டைத் தாம்பரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. கடைசிப் பையன் ரோஷன் போரூர் பக்கம் வீடு எடுத்திருக்கிறான், மாமியார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.

வேலை என்று பிலோமிக்கும் ஒன்று இருந்தது. வண்ணாரப்பேட்டை ரெடிமேட் கடையிலிருந்து ஜாக்கெட் மூட்டை வரும். ஒவ்வொன்றுக்கும் கையால் ஹெம்மிங் பண்ணி ஹூக்கு கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. ஆனால் பொழுது போனது, அவளுக்கு அது போதும். போன வருஷக் கடைசியில் ஊசிமுனை இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. ஹூக்கு ஓரிடத்திலும் அது மாட்டுகிற வளையம் வேறிடத்திலுமாக நின்ற ஜாக்கெட்டுகளைக் கடைக்காரர் அமீர் பாய் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். "மொதல்ல கண்ண காட்டும்மா. சரியானதும் மூட்டை தானா வரும்" என்று பதமாகத்தான் சொன்னார். மூட்டை நின்றது. அதற்கப்புறம் பகல் பூராவையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பிலோமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

சுகாதார நிலையத்தில் காட்டியபோது கண்ணில் புரை என்றார்கள். கண் முகாமில் ஆபரேஷன் இலவசம், ஆனால் சர்க்கரை இருநூறுக்குக் கீழே இருந்தால்தான் கை வைப்போம் என்றும் சொன்னார்கள். பிலோமிக்கு இருநூற்று எண்பத்திரண்டு. அடுத்த முகாம் ஈஸ்டர் முடிந்த வாரம். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றில் எடுக்கிற அளவு இருநூறைத் தாண்டாமல் இருந்தால் பட்டியலில் பெயர் ஏறும். தாண்டினால் மழைக்காலம் முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். அதுவரைக்கும் அந்த நாற்காலிதான்.

அப்போதுதான் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டயட்டீஷியன் வினிதாவிடம் அனுப்பினார்கள். திருவொற்றியூர்ப் பெண். பேச்சில் பொறுமை இருந்தது. ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, பேனாவால் நடுவில் ஒரு கோடும் ஒரு பாதிக்குள் இன்னொரு கோடும் போட்டாள்.

"இந்தப் பாதி பூரா காயும் கீரையும்மா. மிச்சத்துல ஒரு பங்கு மீனோ பருப்போ முட்டையோ. இன்னொரு பங்குதான் சோத்துக்கு."

பிலோமி அந்த மூலையை உற்றுப் பார்த்தாள். "பூனைக்கு வெக்கறதே இத்தவிட ஜாஸ்தியா இருக்குமேம்மா."

வினிதா சிரித்துவிட்டாள். சிரித்தாலும் விடவில்லை. டீயில் சர்க்கரை வேண்டாம், டீயோடு ரஸ்க்கும் வேண்டாம். பழத்தைப் பிழிந்து குடிக்காமல் கடித்துச் சாப்பிட வேண்டும், அதுவும் கொய்யா மாதிரி ஒன்று. மீனைப் பொரிக்காமல் குழம்பில் போட வேண்டும். பிரஷர் வேறு இருப்பதால் கருவாட்டைக் குறைக்க வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர்தான், கலர் சோடா இல்லை.

"கூழு நல்லதுதானே? நா டெய்லி மூணு சொம்பு குடிக்கறேன்" என்றாள் பிலோமி பெருமையாக.

"கூழு நல்லதுதாம்மா. ஆனா மூணு சொம்பு குடிச்சா அதுவும் உள்ள போய் சர்க்கரைதான். ஒரு டம்ளர் போதும், கூட கொஞ்சம் சுண்டல் வெச்சுக்கோங்க."

சொம்பு கூழை நம்பி இத்தனை நாள் இருந்த பிலோமிக்கு அது பெரிய இடி. கடைசியாக வினிதா அந்த நோட்டைக் கொடுத்தாள். வாயில் போடுகிற எதுவானாலும், ஒரு பிஸ்கட்டானாலும் எழுத வேண்டும், திங்கட்கிழமை தவறாமல் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றாள்.

அந்த வாரம்தான் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலை விட்டு இறங்கும்போது பிலோமி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். டயட் என்று சொன்னால் அவளுக்கு ஒட்டவில்லை. தவக்காலம் என்றால் நன்றாகப் புரியும். வாயைக் கட்டுகிற நாற்பது நாள் ஒறுத்தல் என்று வைத்துக்கொண்டால் யாரும் பக்கத்தில் நின்று மிரட்ட வேண்டியதில்லை. ஜானட் விட்டுப்போன பழைய நெயில் பாலிஷை எடுத்துத் தன் தட்டிலும் அதே மாதிரி கோடு போட்டாள். காலையில் ஒரு கேழ்வரகு அடை. மதியம் முருங்கைக்கீரை, அவரைக்காய், நெத்திலிக் குழம்பு, அந்த மூலையில் அடங்கும் அளவுக்குச் சோறு. சாயங்காலம் சர்க்கரை போடாத டீ. முதல் நாள் அது கஷாயம் மாதிரி இருந்தது, பத்தாவது நாள் டீ மாதிரியே இருந்தது. கள்ளத்தனம் என்பதே கிடையாது. கடவுளுக்கு ஒப்புக்கொடுத்ததில் யார் களவு செய்வார்கள்?

ஆனால் ஞாயிறு வேறு. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்றைக்கு ஒறுத்தல் இல்லை. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் எண்ணினால் நாற்பத்தாறு நாள் வரும், ஆறு ஞாயிற்றைக் கழித்தால்தான் நாற்பது. சிறுபிள்ளையாக ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்து படித்தது அது. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டது நோட்டுக்குள் வராது என்று அவள் உறுதியாக நம்பினாள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டதில் கொஞ்சமும் உறுத்தல் இல்லை.

இந்த இடத்தில் பிலோமியை நாக்குக்கு அடிமை என்று சொல்பவர்கள் அவளைத் தெரியாதவர்கள். விஷயம் வேறு. அருள்பிரகாசத்தை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு மூன்று பிள்ளைகளும் அவளைச் சுற்றி உட்கார்ந்து, "யம்மா, வாராவாரம் ஞாயித்துக்கிழமை இங்கதான் சாப்பாடு, நாங்க வந்துடுவோம்" என்று சொன்னார்கள். வந்தார்கள். மூன்று மாசம் ஒழுங்காக வந்தார்கள், அப்புறம் மாசத்துக்கு ஒருவர் என்று வந்தார்கள், அப்புறம் போன் வந்தது. பிலோமியின் பானை அளவு மட்டும் இறங்கவில்லை. ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்ததும் தேங்காய்ப்பால் சோறு, இறால் தொக்கு, வஞ்சிரம் வறுவல், சேமியா பாயசம் என்று எட்டுப் பேருக்கு ஆக்கிவிடுவாள். ஒருவேளை வந்துவிட்டால்? வந்த பிள்ளையை வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது?

வாசனை மாடி முழுக்க அடிக்கும். எதிர்வீட்டு முத்தம்மா காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு மதியம் கூடையோடு படியேறும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னாக்கா, புள்ளைங்க வந்துகீறாங்களா?" என்று கேட்பாள். முதல் தடவை அப்படிக் கேட்டபோது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "வந்துகினு இருக்காங்க" என்றாள் பிலோமி. சாயங்காலம் பார்த்தபோது, "வந்தாங்க, அவசரமா கெளம்பிட்டாங்க" என்றாள். ஒரு பொய் சொல்லிவிட்டால் அடுத்தது தானாக வரும். கொஞ்ச நாளில் முத்தம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காமலே பிலோமி சொல்ல ஆரம்பித்தாள்.

பிள்ளைகள் வந்து சாப்பிட்டுப் போன வீட்டில் பானை நிறைய சோறு இருக்கலாமா? எதிர்வீட்டுக்குக் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும். குப்பையில் கொட்டினால் பாவம், அதுவும் தவக்காலத்தில். மறுநாளுக்கு வைத்தால் திங்கட்கிழமை ஒறுத்தல் ஆரம்பித்துவிடும். ஆக, ஒரே வழிதான் இருந்தது. பிலோமி இரண்டு மணிக்குச் சாப்பிட்டாள், நாலு மணிக்கு ஒரு தரம் சாப்பிட்டாள், ஏழு மணிக்கும் உட்கார்ந்தாள். ஃப்ரெடிக்குப் பிடித்த வால்துண்டு, ஜானட்டுக்கென்று கூடுதலாக முந்திரி போட்ட பாயசம், ரோஷனின் இறால். ருசிக்காகச் சாப்பிடவில்லை. சில வாரங்களில் கடைசி வாய் உள்ளே இறங்காமல் அழுகையோடு சேர்ந்துதான் இறங்கியது.

திங்கட்கிழமை காலையில் விரலில் குத்திப் பார்த்தால் இருநூற்று அறுபத்தொன்று. அடுத்த வாரம் இருநூற்று எழுபத்தி நாலு. அதற்கடுத்த வாரம் இருநூற்று ஐம்பத்தெட்டு. வினிதாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாள், நோட்டில் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஊருக்கே எடுத்துக்காட்டாக இருக்கிறாள். மெஷினையே மாற்றிப் பார்த்தாள். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள், இருநூற்று எழுபத்தொன்று வந்தபோதுதான் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை ஒண்ணுமே எழுதலியே. அன்னிக்கு முழுப் பட்டினியா? அப்படி இருக்கக் கூடாதும்மா."

"பட்டினியா? அன்னிக்கு ஒறுத்தலே கெடயாதும்மா. ஞாயிறு நாப்பதுல சேராது." பிலோமி விரல்விட்டு எண்ணிக் காட்டி விளக்கினாள். சின்னப் பெண்ணுக்குத் தெரியவில்லையே என்று பரிவோடுதான் விளக்கினாள்.

வினிதா அந்த வெள்ளைக் கட்டத்தில் விரலை வைத்தாள். "சரிம்மா. சாமிக்குச் சேராது, ஒத்துக்கறேன். ரத்தத்துக்குச் சேருமே. திங்கக்கிழமை காலைல நான் குத்திப் பாக்கறது ஞாயித்துக்கிழமை ராத்திரி நீங்க சாப்டததானே?"

பிலோமிக்குச் சுருக்கென்றது. ஐந்து வாரம் கூழையும் ரஸ்க்கையும் விட்டு வாயைக் கட்டியதெல்லாம் ஒரே நாளில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இதை யோசிக்காமல் போனோமே என்று தன்மீதே கோபம் வந்தது.

"வர்ற ஞாயிறு ஈஸ்டரும்மா" என்றாள் மெதுவாக.

"பண்டிகைன்னா ஆக்காம இருக்க முடியாது. ஆக்குங்க. நீங்க உங்க கோடு போட்ட தட்டுல ஒரே ஒரு தடவ. மிச்சத்தப் புள்ளைங்க சாப்பிடட்டும். அவங்க வருவாங்கல்ல?"

"வருவாங்க" என்றாள் பிலோமி.

ஈஸ்டர் அன்று நிஜமாகவே வருவார்கள் என்றுதான் நம்பினாள். மூன்று பேரும் போனில் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். பார்க்கலாம் என்பது வருகிறேன் ஆகாது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பூசை முடிந்து வந்து, பெரிய பானையை ஏற்றினாள். பத்தரைக்கு ஃப்ரெடி கூப்பிட்டான். "யம்மா, ஹாப்பி ஈஸ்டர்மா. ரெண்டு கப்பல் ஒண்ணா வந்துகீது, ஆள் இல்லன்னு டூட்டிக்கு இழுத்துட்டாங்க. கோச்சுக்காத." பதினொன்றரைக்கு ஜானட், பாப்பாவுக்கு ராத்திரியிலிருந்து ஜுரம் என்றாள். பின்னால் குழந்தை அழுவது கேட்டது. ரோஷன் போன் பண்ணவில்லை. மாமியார் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற போட்டோ ஒன்று வந்தது, கீழே பூப்போட்டு வாழ்த்து. மங்கலாகத் தெரிந்த அந்தப் போட்டோவைக் கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் அவன் முகம் எது என்று தேடினாள். யாரும் பொய் சொல்லவில்லை. சண்டை பிடிக்கவாவது ஒரு பொய் வேண்டும், அதைக்கூட அவர்கள் கொடுக்கவில்லை.

ஒன்றரை மணிக்கு அடுப்படியில் நின்றாள். பானை நிறைய தேங்காய்ப்பால் சோறு, சட்டியில் தொக்கு, வாணலியில் வறுவல், குண்டானில் பாயசம். இதை முழுக்கத் தின்று தீர்த்தால் நாளைக் காலை முகாம் போச்சு. மழைக்காலம் முடிகிற வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, ஊசியும் தெரியாமல் பிள்ளை முகமும் தெரியாமல் இருக்க வேண்டும். கொட்ட மனசு வரவில்லை. மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அது எதிர்வீட்டுக் கதவு. ஆறடி தூரம்தான் இருக்கும். கதவைத் திறந்து இரண்டு தடவை வெளியே வந்து, இரண்டு தடவையும் உள்ளே திரும்பினாள்.

மூன்றாம் தடவை போய்த் தட்டிவிட்டாள். முத்தம்மா அப்போதுதான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் திருமலை கடலுக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"முத்தம்மா, சாப்ட்டியா?"

"இனிமேதான்க்கா. இன்னா விஷயம்?"

"சோறு நெறைய கீது. வந்து சாப்டு." அதோடு நிறுத்திக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் ஆரம்பித்ததை முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. "புள்ளைங்க வரல. இன்னிக்கு மட்டும் இல்ல. ரொம்ப நாளாவே வரல. உங்கிட்ட நான் பொய் சொல்லிகினு இருந்தேன்."

முத்தம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"ஞாயித்துக்கெழம உன் வாசல்ல ஒரு ஜோடி செருப்புதான் கெடக்கும். உன்துதான். ரெண்டு வருசமா பாத்துகினுதானே கீறேன்."

பிலோமி தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பண்டிகை கொண்டாடுகிற மற்ற வீட்டு வாசல்களில் வந்தவர்களின் செருப்புகள் குவிந்து கிடந்தன. அவள் வாசலில் பட்டை தேய்ந்த அவளுடைய ரப்பர் செருப்பு மட்டும் கிடந்தது. இதை மறைக்கத் தோன்றவே இல்லையே. அத்தனை சோற்றையும் யாருக்குப் பயந்து தின்றோம்?

"அப்ப ஏன் நீ ஒரு நாள்கூட பொய்தானேன்னு கேக்கல?" என்றாள் பிலோமி.

"வந்துட்டுப் போனாங்கன்னு சொல்ல சொல்ல உன் மூஞ்சி சிரிச்சா மாதிரி இருக்கும். அத்த எதுக்கு நான் கெடுக்கணும்?" என்றாள் முத்தம்மா. "வா, பசிக்குது."

முத்தம்மா நன்றாகச் சாப்பிடுகிறவள். இரண்டு தடவை சோறு வாங்கினாள், பாயசத்தைக் குடித்துவிட்டு, "ஜோரா கீதுக்கா, இத்த இத்தினி நாளா ஒண்டியா துன்னுகீற" என்று திட்டினாள். பிலோமி கோடு போட்ட தட்டில் சோற்றை அதன் மூலையில் வைத்து, தனக்கென்று வதக்கி வைத்திருந்த அவரைக்காய்ப் பொரியலோடும் ஒரு துண்டு மீனோடும் ஒரே ஒரு தடவை சாப்பிட்டாள். பாயசம் இரண்டு ஸ்பூன். திருமலையின் படகு சாயங்காலம் கரைக்கு வரும், பசியோடு ஏழெட்டுப் பேர் இறங்குவார்கள் என்று சொல்லி முத்தம்மா மிச்சத்தைப் பானையோடு தூக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் வீடு வெறிச்சென்று இருந்தது. ஏழு மணிக்குப் பழக்கத்தில் அடுப்படிக்குப் போய், பானை இல்லாத மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பசிக்கவில்லை. இத்தனை ஞாயிறும் இந்த நேரத்தில் பசித்ததில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. மெல்ல அழுதாள். இந்தத் தடவை வாயில் எதுவும் இல்லாமல் அழுதாள். பிறகு அரைக் கொய்யாவும் ஒரு சொம்பு தண்ணீரும். நோட்டை எடுத்து, விளக்குக்குக் கீழே வைத்து, முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் எழுதினாள். கண் மங்கலாக இருந்ததால் எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கிப் போயின.

திங்கட்கிழமை காலை மெஷின் நூற்று எண்பத்தாறு காட்டியது. வினிதாவுக்குத் தன் மார்க்கே ஏறின மாதிரி சந்தோஷம். பட்டியலில் பிலோமியின் பெயரை எழுதிவிட்டு நோட்டை வாங்கினாள். தேங்காய்ப்பால் சோறு ஒரு கை, வஞ்சிரம் ஒரு துண்டு, அவரைக்காய், பாயசம் ரெண்டு ஸ்பூன், கொய்யா பாதி என்று படித்துக்கொண்டே வந்தவள், கடைசி வரியில் நின்றாள். *புள்ளைங்க வரல* என்று எழுதியிருந்தது.

"இது எதுக்கும்மா இங்க? சாப்டத மட்டும் எழுதுனா போதுமே."

"இத்தினி நாளா அதுனாலதாம்மா சாப்ட்டேன்" என்றாள் பிலோமி.

வினிதா பேனாவை எடுத்தாள். அந்த வரியை அடிக்காமல், பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.